முதலில் பூட்ஸ், அப்புறம்தான் கிராம்பான்

மலையேற்றம்: வாசகர் கேள்விகள்

மணாலியில் மலையேற வருபவர்களுக்குப் பூட்ஸும், பனியில் வழுக்காமல் இருக்க அதன் அடியில் மாட்டும் உலோகப் பற்கள் வைத்த கிராம்பானும் அளவு பார்த்துப் பொருத்திக் கொடுப்பது என் வேலை. மே, ஜூன் சீசன் நெருங்கிவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் கிராம்பானைப் பற்றித்தான். இந்த இதழுக்கு அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஜூனில் மணாலி பக்கத்து ஃப்ரெண்ட்ஷிப் பீக் ஏறப் போகிறேன் அண்ணா. 12 பல் வைத்த, முழு எஃகு ஆட்டோமேட்டிக் கிராம்பான் ஒன்று ஆன்லைனில் தள்ளுபடியில் வருகிறது. என்னிடம் கணுக்கால் வரை வரும் டிரெக்கிங் ஷூ இருக்கிறது. வாங்கிவிடட்டுமா?
– வாசகர், கோவை

வேண்டாம் தம்பி. கிராம்பான் நல்லதாகவே இருக்கலாம். உங்கள் ஷூவில் அது நிற்காது.

ஆட்டோமேட்டிக் கிராம்பானில் முன்னால் ஒரு எஃகுக் கம்பி வளையம் இருக்கும், பின்னால் ஒரு லீவர். பூட்ஸின் மூக்கில், சோலுக்கு மேலே ஒரு பள்ளம் ஓடும். அதில் கம்பி போய் உட்கார வேண்டும். குதிகாலிலும் அதே மாதிரி ஒரு பள்ளம் உண்டு. அதை லீவர் கவ்வ வேண்டும். இந்த இரண்டு பள்ளங்களும் மலையேற்ற பூட்ஸில்தான் இருக்கும், டிரெக்கிங் ஷூவில் இருக்காது. உங்கள் ஷூவில் கம்பியை வைத்தால், அது வழுவழுப்பான ரப்பர் மேல் சும்மா சாய்ந்து நிற்கும். சமதளத்தில் நாலு அடி நடந்து பார்த்தால் நன்றாகப் பிடித்திருப்பது போலத்தான் தெரியும். சரிவில் பக்கவாட்டில் ஒரு மிதி மிதித்தால் கழன்றுவிடும்.

ஒருவேளை எப்படியோ கட்டிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஷூவின் சோல் ஒவ்வொரு அடிக்கும் மடங்கும், கிராம்பானின் முன்பாதியையும் பின்பாதியையும் இணைக்கும் நடுச்சட்டம் மடங்காது. ஒரு கம்பியை முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதுதான் அந்தச் சட்டத்துக்கும் நடக்கும். சட்டம் முறியாமல் தப்பித்தால் குதிகால் எகிறிவிடும்.

இதற்காகவே ஒரு தர வரிசை இருக்கிறது. பூட்ஸுக்கு பி0 முதல் பி3 வரை, கிராம்பானுக்கு சி1 முதல் சி3 வரை. பி0 என்பது சாதாரண நடை ஷூ, இதற்குக் கிராம்பானே கூடாது. பி1 ஓரளவு விறைப்பானது. முன்னும் பின்னும் வாரால் கட்டுகிற சி1 மட்டும்தான் இதற்குப் பொருந்தும். பி2 பூட்ஸில் குதிகால் பள்ளம் இருக்கும். இதற்கு சி2 போடலாம், அதாவது முன்னால் வளையும் பிளாஸ்டிக் கூடை, பின்னால் லீவர். செமி ஆட்டோமேட்டிக் என்று கடைகளில் கேட்டால் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். பி3 சற்றும் மடங்காது, முன்னும் பின்னும் பள்ளம் உண்டு. ஆட்டோமேட்டிக்கான சி3 இதற்கு மட்டும்தான். மேல் தர பூட்ஸில் கீழ்த் தரக் கிராம்பானைப் போடலாம், தப்பில்லை. தலைகீழாகப் போடக் கூடாது.

உங்கள் ஷூவைத் தரையில் ஊன்றி, மூக்கை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். சோல் சுலபமாக மடங்கினால் அந்த ஷூவுக்குக் கிராம்பான் யோசனையே வேண்டாம்.

ஃப்ரெண்ட்ஷிப் பீக் 5,289 மீட்டர். வழியில் வரும் பியாஸ் குண்ட் ஏரி வரைக்கும் உங்கள் டிரெக்கிங் ஷூவிலேயே நடக்கலாம். உச்சிக்கு நள்ளிரவு வாக்கில் கிளம்புவார்கள். அந்தக் குளிருக்கும் இறுகிப்போன பனிக்கும் உள்ளே தனி இன்னர் வைத்த இரட்டை பூட்ஸை மணாலியிலேயே வாடகைக்கு எடுங்கள். அதைக் காலில் போட்ட பிறகு, அதற்குப் பொருந்துகிற கிராம்பானையும் அங்கேயே எடுங்கள். தள்ளுபடிப் பணத்தை பனி உள்ளே போகாமல் பூட்ஸுக்கு மேல் சுற்றிக் கட்டும் நல்ல கெய்ட்டருக்கும் கையுறைக்கும் செலவு செய்யலாம்.

10 பல்லா, 12 பல்லா? என் நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– வாசகர், ஈரோடு

முதல்முறை வாங்குபவர் 12 பல் வாங்குவதே நல்லது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1908 வாக்கில் ஆஸ்கர் எக்கென்ஸ்டைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 10 பல் கிராம்பானை வடிவமைத்தார். இத்தாலியில் மோன் பிளாங்க் அடிவாரத்தில் இருக்கும் கூர்மாயூரைச் சேர்ந்த கொல்லர் ஹென்றி கிரிவெல்தான் அதை அடித்துக் கொடுத்தார். அதில் எல்லாப் பற்களும் கீழ்நோக்கியே இருந்தன. பாதம் முழுவதையும் பனியில் தட்டையாக ஊன்றி ஏற வேண்டும், கணுக்கால் நன்றாக வளைந்து கொடுக்க வேண்டும். சரிவு மிகவும் செங்குத்தாகிவிட்டால் கோடரியால் படி வெட்டித்தான் ஆக வேண்டும். 1929-இல் ஹென்றியின் மகன் லோரான் கிரிவெல் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பற்களைச் சேர்த்தார். அதன் பிறகு பனிச்சுவரை நேருக்கு நேர் பார்த்தபடி, பூட்ஸின் மூக்கால் குத்திக் குத்தி ஏற முடிந்தது.

வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது 1938 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் ஐகர் மலையின் வடக்கு முகத்தில் தெரிந்தது. ஆஸ்திரியர்களான ஹாரரும் காஸ்பரெக்கும் முன்னதாகவே ஏறத் தொடங்கியிருந்தார்கள். காஸ்பரெக்கிடம் இருந்தது முன்பல் இல்லாத 10 பல் கிராம்பான். ஹாரரிடம் கிராம்பானே இல்லை. படி வெட்டி வெட்டி அவர்கள் போய்க்கொண்டிருக்க, 12 பல் புதுக் கிராம்பானோடு பின்னால் வந்த ஜெர்மானியர்கள் ஹெக்மையரும் ஃபோர்க்கும் அவர்களை எட்டிப் பிடித்துவிட்டார்கள். நால்வரும் ஒன்று சேர்ந்து அந்தச் சுவரை முதன்முதலாக ஏறி முடித்தார்கள்.

இப்போது வரும் 10 பல் கிராம்பானிலும் இரண்டு முன்பற்கள் உண்டு. பாதத்துக்கு அடியில்தான் இரண்டு குறையும். சாய்வு குறைந்த பனியாற்றில் நடக்கவும், பனிச்சறுக்குப் பயணத்துக்கும் அது போதும், எடையும் குறைவு. ஆனால் ஒரே ஜோடியை வைத்துக்கொண்டு இந்த வருஷம் ஃப்ரெண்ட்ஷிப், அடுத்த வருஷம் லடாக்கில் கங் யாட்ஸே 2, அப்புறம் நேபாளத்தில் ஐலண்ட் பீக் என்று போக நினைப்பவருக்கு 12 பல்தான் எல்லா இடத்துக்கும் சரிவரும். முன்பற்கள் கிடையாக, அகலமாக இருக்கட்டும். செங்குத்தாக நிற்கும் ஒல்லி முன்பற்கள் உறைந்த அருவி ஏறுபவர்களுக்கானவை. சாதாரணப் பனியில் அவை கத்தி மாதிரி கிழித்துக்கொண்டு இறங்கிவிடும்.

டிசம்பரில் உத்தராகண்டின் கேதார்காந்தா போகிறேன். கிராம்பான் வாங்க வேண்டுமா?
– வாசகி, சென்னை

வேண்டாம். 3,800 மீட்டர் உயரம் வரை போகும் அந்த நடைபாதைக்கு, ரப்பர் வளையத்தில் சங்கிலியும் சின்ன முட்களும் கோத்த மைக்ரோஸ்பைக்ஸ் போதும். உங்களை அழைத்துப் போகும் குழுவிடம் பெரும்பாலும் அது இருக்கும், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். சங்கிலி அறுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து வாங்குங்கள். செங்குத்துச் சரிவுக்கு மட்டும் அதை நம்பிப் போகாதீர்கள்.

கிராம்பானை வாடகைக் கடையில் எடுக்கிறேன். பொருத்தம் சரிதானா என்று நானே எப்படிப் பார்த்துக்கொள்வது? கடைக்காரர் "எல்லாம் சரியா இருக்கும் மேடம்" என்று சொல்லிப் பைக்குள் போட்டுவிடுகிறார்.
– வாசகி, மதுரை

எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. கடையில் அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, பையில் போட விடாதீர்கள். பூட்ஸை மேஜை மேல் வைக்கச் சொல்லுங்கள்.

இடது, வலது முதலில். வாரின் பக்கிள் இரண்டு காலிலும் வெளிப்பக்கம்தான் வர வேண்டும். உள்பக்கம் வந்தால் நடக்கும்போது அடுத்த கால் பல் அதில் மாட்டும், குப்புற விழுவீர்கள்.

அடுத்தது நடுச்சட்டம். அதில் வரிசையாகத் துளைகள் இருக்கும். பூட்ஸின் நீளத்துக்குத் தகுந்த துளையில் அதை மாட்ட வேண்டும். வாரைக் கட்டாமல், லீவரைப் போடாமல், பூட்ஸைக் கிராம்பானுக்குள் அழுத்தி உட்கார வைத்துவிட்டு, பூட்ஸை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். வார் வகையிலும் செமி ஆட்டோமேட்டிக்கிலும் சட்டத்தின் நீளம் சரியாக இருந்தால் கிராம்பான் விழாமல் தொங்கும். பொத்தென்று விழுந்தால் ஒரு துளை சுருக்குங்கள். உங்கள் பூட்ஸ் அளவு 45-க்கு மேல் என்றால், பல மாடல்களில் நீளச்சட்டம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கடைசித் துளையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சட்டத்தை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

ஆட்டோமேட்டிக் என்றால் கண்ணை முன்கம்பியிடம் கொண்டுபோங்கள். கம்பியின் வளைவும் பூட்ஸ் மூக்கின் வளைவும் ஒன்றாக இருக்க வேண்டும். கம்பி பள்ளத்தின் முழு நீளத்திலும் ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டு இரண்டு ஓரமும் இடைவெளி விட்டால் கம்பி அகலம், ஓரம் தொட்டு நடுவில் இடைவெளி என்றால் கம்பி குறுகல். சில நிறுவனங்கள் குறுகிய கம்பி, அகலக் கம்பி என இரண்டும் தனியாக விற்கின்றன, நல்ல கடையில் மாற்றித் தருவார்கள். பள்ளத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். வாடகை பூட்ஸில் அந்த இடம் பாறையில் உரசி உரசி மழுங்கியிருக்கும். விளிம்பு உருண்டுபோயிருந்தால் அந்த பூட்ஸில் ஆட்டோமேட்டிக் வேண்டாம், முன்னால் கூடை வைத்ததைக் கேளுங்கள்.

முன்பற்கள் பூட்ஸ் மூக்கைத் தாண்டி இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறைவாக இருந்தால் பூட்ஸின் ரப்பர்தான் பனியில் இடிக்கும். அதிகமாக இருந்தால் கெண்டைக்கால் ஓயாமல் இழுக்கும்.

கடைசியாகக் குதிகால் லீவர். அதை உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி அழுத்தினால்தான் மூட வேண்டும். மூடும்போது "டக்" என்று ஒரு சத்தம் வரும். பல வருஷமாக இந்த வேலை செய்கிறவன் என்பதால், அடுத்த அறையில் இருந்தே அந்தச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். ஒரு விரலால் தள்ளி மூடிவிட முடிந்தால் தளர்வு. லீவரில் ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் திருகித் திருகி, சிரமப்பட்டால்தான் மூடும் என்ற நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு பூட்ஸைத் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறுங்கள், மேஜை விளிம்பில் பக்கவாட்டில் தட்டுங்கள். அசையக் கூடாது.

இதையெல்லாம் பூட்ஸை மாற்றும் ஒவ்வொரு முறையும் திரும்பச் செய்ய வேண்டும். இங்கே ஒரு குழுவில் வந்தவர், கிராம்பானை ஊரிலேயே நண்பரின் பூட்ஸுக்குச் சரிபார்த்துக் கொண்டுவந்திருந்தார். இங்கே வந்து எடுத்த வாடகை பூட்ஸ் ஒரு அளவு சிறியது. வார் இறுக்கமாக இருந்ததால் சட்டத்தை யாரும் பார்க்கவில்லை. ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. உச்சியிலிருந்து இறங்கும்போது, வெயில் ஏறிப் பனி இளகிய நேரத்தில், குதிகால் பக்கம் கழன்று கிராம்பான் கணுக்காலில் வாரோடு தொங்கியது. அவர் உட்கார்ந்தபடியே சறுக்க, கயிற்றில் முன்னும் பின்னும் இருந்தவர்கள் கோடரியை ஊன்றிப் பிடித்துவிட்டார்கள். வழிகாட்டி திரும்பி வந்து அந்தக் கிராம்பானை என் மேஜையில் வைத்தார். அளந்து பார்த்தேன், ஒரே ஒரு துளைதான் வித்தியாசம்.

இன்னொன்று. கையுறையோடு போட்டுக் கழற்றிப் பழகுங்கள். நள்ளிரவில், தலைவிளக்கு வெளிச்சத்தில், கையுறையைக் கழற்றி வார் கோத்துக்கொண்டிருந்தால் விரல் விறைத்துவிடும். வாரின் நீண்ட வால் தரையில் இழுபடாதபடி வெட்டுங்கள் அல்லது செருகுங்கள். ரொம்பக் குட்டையாக வெட்டிவிடாதீர்கள், அடுத்தவர் பூட்ஸுக்குப் பத்தாமல் போகும்.

உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. எந்தக் கிராம்பான் வாங்கிப் போகலாம் ஐயா?
– வாசகர், திருநெல்வேலி

வாழ்த்துகள் தம்பி. எதுவும் வாங்காதீர்கள். பூட்ஸ், கிராம்பான், ஐஸ் ஆக்ஸ் என்கிற பனிக்கோடரி எல்லாம் அங்கேயே தருவார்கள். பயிற்சியில் நாலு விதமான பனியில் நடந்து பார்த்த பிறகு உங்களுக்கு எது வேண்டும் என்று உங்கள் காலே சொல்லும். நீங்கள் சரிபார்க்க வேண்டியது பூட்ஸ் அளவு ஒன்றுதான். செருப்பிலேயே வளர்ந்த நம் ஊர்க் கால் பலருக்கு முன்பக்கம் அகலமாக இருக்கும். அங்கே பூட்ஸைக் கொடுக்கும்போதே கெட்டி உல்லன் சாக்ஸ் போட்டுப் பார்த்து, சரிவில் இறங்குவது போல் காலை முன்னால் தள்ளுங்கள். பெருவிரல் இடித்தால் கூச்சப்படாமல் மாற்றிக் கேளுங்கள். கால் நகத்தை வெட்டிக்கொண்டு போங்கள்.

அலுமினியக் கிராம்பான் பாதி எடைதான் இருக்கிறது. எடையைக் குறைக்க அதை எடுக்கலாமா?
– வாசகர், பெங்களூரு

எஃகில் 12 பல் ஜோடி ஒரு கிலோவை ஒட்டி வரும். அலுமினியத்தில் 400 கிராம் அளவிலேயே கிடைக்கிறது. அந்த வித்தியாசத்தைக் கால் நன்றாகவே உணரும், அதை மறுக்கவில்லை. ஆனால் நம் இமயமலையில் பனி தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் நடுவில் கல்லும் சரளையும் மாறி மாறி வரும். ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட யாருக்கும் பொறுமை இருப்பதில்லை, கிராம்பானோடே கல்லில் நடப்பார்கள். எஃகு அதைத் தாங்கும், அலுமினியப் பல் சீக்கிரம் மழுங்கிவிடும். கெட்டியான நீலப் பனியில் முன்பல்லால் குத்தி ஏறவும் அது உகந்ததல்ல. முன்பாதி எஃகு, பின்பாதி அலுமினியம், நடுவில் சட்டத்துக்குப் பதில் டைனீமா என்ற வலுவான செயற்கை இழைக் கயிறு என்று பெட்ஸல் நிறுவனம் ஒரு மாடல் செய்கிறது. மடித்தால் உள்ளங்கை அளவு பைக்குள் போய்விடும், எனக்குப் பிடித்த வேலைப்பாடு. வசந்த காலப் பனியில் சறுக்குப் பயணம் போகிறவருக்கு அது பொருத்தம். முதல் ஜோடி வாங்கும் உங்களுக்கு முழு எஃகுதான் என் பதில்.

சூரிச்சில் இருக்கிறேன். என்னிடம் இருக்கும் மலையேற்ற பூட்ஸையே பனிச்சறுக்குப் பலகையில் மாட்டி, மேலே போய்க் கிராம்பானுக்கு மாறிக்கொள்ள முடியுமா? இரண்டு ஜோடி பூட்ஸ் தூக்க முடியவில்லை.
– வாசகர், சுவிட்சர்லாந்து

முடியும், ஆனால் இறக்கத்தில் திருப்தி இருக்காது. முன்னால் கம்பி, பின்னால் லீவர் வைத்த சில்வ்ரெட்டா 404, 500 போன்ற பழைய பைண்டிங்குகள், அதாவது பூட்ஸைப் பலகையோடு பிடித்துக்கொள்ளும் பூட்டுகள், உங்கள் பூட்ஸ் பி3 என்றால் அதைக் கவ்விக்கொள்ளும், ஆட்டோமேட்டிக் கிராம்பான் செய்யும் அதே வேலைதான். அவை இப்போது பழைய சரக்காகத்தான் கிடைக்கும். மலையேற்ற பூட்ஸ் கணுக்காலை வளைய விடும்படி செய்யப்பட்டது. சறுக்கும்போது முழங்காலின் அழுத்தம் பலகைக்குப் போகாமல் கணுக்காலிலேயே நின்றுவிடும். பனியாற்றுக்கு நடந்து போய்ச் சேரவும், சாய்வு குறைந்த இடத்தில் மெதுவாக இறங்கவும் சரி.

இப்போது அங்கே எல்லாரும் போடுவது ஊசி பைண்டிங். ஆஸ்திரியாவின் ஃப்ரிட்ஸ் பார்தெல் 1980-களில் கண்டுபிடித்தது. அதற்கு பூட்ஸின் மூக்கில் இரண்டு பக்கமும் உலோகக் குழி வேண்டும், உங்கள் பூட்ஸில் அது இருக்காது. ஆகவே திருப்பிப் போடுங்கள் கணக்கை: நடக்கவும் வசதியான சறுக்குப் பயண பூட்ஸ் ஒன்றை வாங்கி, அதிலேயே கிராம்பானை மாட்டுங்கள். வாங்கும்போது மூக்கைக் குனிந்து பாருங்கள். சில இலேசான மாடல்களில் முன்விளிம்பையே எடுத்துவிட்டார்கள். அவற்றில் ஆட்டோமேட்டிக் கம்பி நிற்காது, அதற்கென்று தனி இணைப்பு தேவைப்படும்.

சொந்தமாக ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். பல் மழுங்கிவிட்டது. பக்கத்துப் பட்டறையில் கிரைண்டரில் கொடுக்கலாமா? மதிய நேரத்தில் காலடியில் பனி உருண்டை கட்டிக்கொள்கிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.
– வாசகர், சேலம்

கிரைண்டரில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதன் சூட்டில் எஃகின் பதம் போய்விடும், பல் மெத்தென்று ஆகி வளையும். ஒரு கை அரம் வாங்குங்கள். பல்லின் பட்டையான முகத்தைத் தேய்க்காமல் ஒடுங்கிய ஓரத்தை மட்டும், நுனியை நோக்கி ஒரே திசையில் தேய்க்க வேண்டும். பட்டையைத் தேய்த்தால் பல் மெலிந்துவிடும். ஊசி போல் ஆக்க வேண்டாம், அடுத்த கல்லில் நுனி மடங்கிவிடும். ஊருக்குத் திரும்பியதும் ஈரத்தைத் துடைத்துக் காய வைத்து எண்ணெய் தடவி வையுங்கள், சேலத்துக் காற்றில் துரு ஏறாது. திருகுகளையும் சட்டத்தில் முடி போல் விரிசல் ஓடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பனி உருண்டை ஆபத்தானது. ஈரப் பனி பற்களுக்கு நடுவே ஒட்டி இறுகிவிட்டால் பல் தரையைத் தொடாது, நீங்கள் ஒரு பனிக்கட்டி மேல்தான் நிற்பீர்கள். கிராம்பானுக்கு அடியில் மாட்டும் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் தகடு தனியாகக் கிடைக்கிறது, ஆன்டிபாட் என்று கேளுங்கள். உங்கள் மாடலுக்கு உரியதையே வாங்குங்கள். தகடு இருந்தாலும் இளகிய பனியில் முழுதாக நிற்காது. அப்போது ஐஸ் ஆக்ஸின் தண்டால் பூட்ஸின் பக்கவாட்டில் ஒரு தட்டு. சில நேரம் ஒவ்வொரு அடிக்கும் தட்ட வேண்டியிருக்கும், தட்டித்தான் ஆக வேண்டும். வெயில் ஏறும் முன் இறங்கிவிடும்படி கிளம்புவது இதற்காகவும்தான்.

விமானத்தில் கிராம்பானைக் கைப்பையில் கொண்டு போகலாமா?
– வாசகி, திருச்சி

விட மாட்டார்கள். செக்-இன் பையில் போடுங்கள். பல்லுக்கு ரப்பர் உறை அல்லது கெட்டித் துணிப்பை வேண்டும், இல்லையென்றால் உங்கள் ஜாக்கெட்டைத்தான் முதலில் கிழிக்கும். பூட்ஸையும் அதே பையில் வையுங்கள்.